தூண்டில் பையில் இயற்பியல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய குளங்கள் தை பிறந்ததும் தெளிந்துவிடுகின்றன. அந்த நாட்களில் நம் தென்மாவட்டத்துக் கிராமங்களில், விடுமுறை நாள் காலையில், தோளில் மூங்கில் கழியும் கையில் ஓலைப்பெட்டியுமாகக் குளக்கரைக்குக் கிளம்பும் சிறுவர்களைப் பார்க்கலாம். இவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒரு வகையினர் கரைக்குப் போன பத்தாவது நிமிடம் தூண்டிலைத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். மற்ற வகையினர் நரம்பின் சிக்கை அவிழ்த்து, துருவேறிய முள்ளைத் தேய்த்து, காய்ந்து செத்துப்போன புழுவுக்கு மாற்றுத் தேடி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

குளம் ஒன்றுதான், மீனும் ஒன்றுதான். வேறுபாடு எங்கே இருக்கிறது? அவர்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பையில் இருக்கிறது.

மீனைப் பிடிக்கும் வித்தையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். நாம் பார்க்கப்போவது அதற்கு முந்திய வேலை. தூண்டில் சாமான்களை எப்படி ஒழுங்குபடுத்துவது, எப்படித் தூக்கிச் செல்வது என்பதே அது. இதில் உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்தின் பல அத்தியாயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஓரிடத்தில் உயிருக்கே ஆபத்தான விஷயமும் இருக்கிறது.

என்னென்ன வேண்டும்?

பன்னிரண்டு அடி மூங்கில் கழி ஒன்று. நைலான் நரம்பு நான்கு மீட்டர் (சில ஊர்களில் இதைத் தங்கூசி என்பார்கள்). ஒரு தக்கை, சிறிய எடைக்குண்டு, தூண்டில் முள் மூன்று நான்கு. மண்புழுவுக்கு ஒரு சிரட்டை. பிடித்த மீனைப் போட ஓலைப்பெட்டி, அதை மூட ஒரு சாக்குத் துண்டு. ஒரு சிறு கத்தரிக்கோல், குடிநீர், கட்டுச்சோறு, தலைக்குத் துண்டு. இவ்வளவுதான். குளம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைக்காரரின் அனுமதியும் வேண்டும்!

பட்டியல் சிறியது. ஆனால் இவற்றை எல்லாம் ஒரே பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு நடந்தால் என்ன நேரும்? முதலில் நரம்பைப் பார்ப்போம்.

நரம்பு ஏன் சிக்குகிறது?

நைலானை 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியல் அறிஞர் உருவாக்கினார். அதற்கு முன்பு பருத்தி நூல், பட்டு, குதிரை வால்மயிர் போன்றவையே தூண்டில் நூலாகப் பயன்பட்டன. நைலான் மக்கிப்போகாது, மெல்லியதாக இருந்தும் உறுதியானது, தண்ணீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது ஓர் அடங்காப்பிடாரி. பையில் சும்மா போட்டால் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

"யாரும் தொடாமல் முடிச்சு எப்படி விழும்?" என்று நீங்கள் கேட்கலாம். இதே கேள்வியை இரண்டு இயற்பியலாளர்கள் சோதனை செய்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் சான் டியாகோ நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் ஆகிய இருவரும் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டுப் பெட்டியைச் சுழற்றினார்கள். பிறகு திறந்து முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். இப்படி மூவாயிரம் தடவைக்கு மேல் செய்தார்கள். முடிவுகள் 2007இல் வெளியாயின.

அவர்கள் கண்டது இது: நூலின் நீளம் சுமார் 46 செ.மீட்டருக்குக் குறைவாக இருந்தால் முடிச்சு விழவில்லை. நீளம் கூடக் கூட முடிச்சு விழும் வாய்ப்பும் கூடியது. மிக நீண்ட நூல்களில் ஏறக்குறைய பாதித் தடவை முடிச்சு விழுந்தது. அதற்குச் சில விநாடிகளே போதுமானதாக இருந்தன! நூல் சுருண்டு கிடக்கும்போது அதன் நுனி பக்கத்துச் சுருள்களின் மேலும் கீழுமாக நழுவுகிறது. இப்படிச் சில தடவை நழுவினாலே ஒரு முடிச்சு உருவாகிவிடும். அவிழ்ந்திருப்பதற்கு நூலுக்கு ஒரே ஒரு வழி. முடிச்சாவதற்கோ எத்தனையோ வழிகள். அதனால்தான் குலுக்கக் குலுக்கச் சிக்கு கூடுகிறது.

இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். பெட்டி சிறியதாக இருந்து நூல் புரள இடமில்லாதபோது முடிச்சு குறைந்தது. விறைப்பான நூலிலும் குறைந்தது. நம் நரம்பின் நீளம் 4 மீட்டர், 46 செ.மீட்டரைப்போல் எட்டு மடங்குக்கும் அதிகம். ஆகவே நமக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது: நரம்பின் நுனியை நகரவிடாதே, அது புரள இடம் கொடாதே. அதாவது, எதிலாவது சுற்றி நுனியைச் செருகி வை.

எட்டுப் போட்டுச் சுற்றுங்கள்

எதில் சுற்றுவது, எப்படிச் சுற்றுவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

தலைப்பின்னலுக்குக் கட்டும் ரிப்பன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு ரிப்பனைத் தட்டையாகப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். இப்போது சுருளைப் பென்சிலின் நுனி வழியாக அப்படியே உருவி எடுத்து, ரிப்பனின் இரு முனைகளையும் பிடித்து இழுங்கள். ரிப்பன் பத்து முறுக்கு முறுக்கியிருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு! மறுபடி சுற்றி, இந்தத் தடவை பென்சிலை உருட்டி ரிப்பனை அவிழுங்கள். சுற்றும்போதும் பென்சிலையே உருட்டியிருந்தால் முறுக்கு ஒன்றுகூட இராது.

உருண்டையான நரம்பில் இந்த முறுக்கு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும். முறுக்கிய நரம்பைத் தளரவிட்டால் அது தன் மேலேயே சுருண்டு கண்ணிகளாக மாறும். அந்தக் கண்ணிகளே சிக்கின் வித்துக்கள்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சுற்றும்போதும் அவிழ்க்கும்போதும் நரம்பைச் சுழற்றாமல் சுருளியையே உருட்டுவது. மற்றது, இரு முனையிலும் வெட்டுவிட்ட ஒரு சாண் பலகையில், அல்லது கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில், எட்டு வடிவத்தில் சுற்றுவது. எட்டின் ஒரு பாதி வலப்பக்கம் முறுக்கினால் மறு பாதி இடப்பக்கம் முறுக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். காற்றாடி விடுகிறவர்கள் கைவிரல்களில் எட்டுப் போட்டு நூல் சேர்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அனுபவம் கற்றுத்தந்த இயற்பியல் அது.

சுருளி மிகவும் மெல்லியதாகவும் இருக்கக் கூடாது. வளைந்த நரம்பின் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் அமுங்கும். 0.3 மில்லிமீட்டர் பருமனுள்ள நரம்பை 1 செ.மீ. குச்சியில் சுற்றினால் வெளிப்பக்கம் ஏறக்குறைய 100இல் 3 பங்கு நீளுகிறது. 6 செ.மீ. டப்பாவில் சுற்றினால் 100இல் அரைப் பங்குதான். நைலான் பல நாள் வளைந்து கிடந்தால் அந்த வளைவையே தன் வடிவமாக்கிக்கொள்ளும். ஆகவே குச்சியைவிட டப்பா நல்லது. சாண் பலகையானால் அகலமானது நல்லது.

நைலான் தண்ணீரை உறிஞ்சும். தன் எடையில் 100க்கு எட்டு, ஒன்பது பங்குவரைகூட உறிஞ்சக்கூடிய வகைகள் உண்டு. ஈரத்தில் அதன் வலிமை ஓரளவு குறைகிறது. முடிச்சு விழுந்த இடத்தில் இன்னும் குறைகிறது. வெயிலின் புறஊதாக் கதிர்களும் அதைச் சிதைக்கும். எனவே வீடு திரும்பியதும் நரம்பை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திச் சுற்றிவையுங்கள்.

தக்கையும் குண்டும்: வீட்டு வாளியில் ஒரு சோதனை

கரையில் செய்யவேண்டிய வேலையைக் குறைப்பதே ஒழுங்கின் முதல் விதி. தக்கைக்கு எவ்வளவு எடை கட்டவேண்டும் என்பதை வீட்டிலேயே, ஒரு வாளித் தண்ணீரில் பார்த்துவிடலாம்.

ஒரு தக்கையின் பருமன் 3 கன செ.மீ., எடை 0.75 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் அமிழ்ந்தால் 3 கிராம் தண்ணீரை விலக்கும். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி மேலெழுப்பும் விசை 3 கிராம் எடை. தக்கையின் எடை போக மீதி 2.25 கிராம். இதில் 2 கிராம் ஈயக்குண்டைக் கட்டினால் என்ன ஆகும்? ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 11.3 மடங்கு. எனவே தண்ணீருக்குள் அந்தக் குண்டின் எடை சுமார் 1.82 கிராம்தான். மிச்சமுள்ள மிதப்பு 0.43 கிராம். அதில் முள்ளும் புழுவும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். தக்கையின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். ஒரு சிறு கெண்டை வாய் வைத்தாலும் போதும். தக்கை 'முழுக்' என்று அமிழும்.

குண்டே கட்டாவிட்டால்? 2 கிராமுக்கு மேல் இழுத்தால்தான் தக்கை முழுகும். மீன் புழுவைத் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

ஈயத்தைப்பற்றி ஓர் எச்சரிக்கை. குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் நசுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இதை விட்டுவிடுங்கள். ஈயம் உடலில் சேரும் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஈயக்குண்டு வைத்த பையில் கட்டுச்சோற்றை வைக்காதீர்கள். அதைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

ஈயமே இல்லாமல் முடியாதா? முடியும். சைக்கிள் கடையில் கிடைக்கும் சிறு இரும்பு நட்டே போதும். இரும்பின் அடர்த்தி சுமார் 7.8. ஈயம் 2 கிராம் செய்யும் வேலையைச் செய்ய இரும்பு 2.1 கிராம் அளவுக்கு வேண்டும். பருமன் ஒன்றரை மடங்கு ஆகும், அவ்வளவுதான். நடுவில் துளையும் தயாராக இருக்கிறது!

முள் எங்கே இருக்கவேண்டும்?

முள்ளின் நுனி 0.1 மில்லிமீட்டர் விட்டம் உடையது என்று கொள்வோம். அதன்மேல் 100 கிராம் எடை அழுத்தினால் அந்த நுனியின் கீழே அழுத்தம் 1,200 வளிமண்டலத்துக்கு மேல் இருக்கும். உங்கள் பைக்குள் விடும் கையும் மீனின் வாயும் முள்ளுக்கு ஒன்றுதான். சட்டைப்பையிலோ தொப்பியிலோ முள்ளைக் குத்திவைப்பது கூடாது. ஒரு தக்கைத் துண்டில் நுனி முழுதும் புதையக் குத்தி, மூடியுள்ள டப்பாவில் போட்டுவையுங்கள். கழியில் கட்டிய முள்ளையும் நடக்கும்போது தொங்கவிடாமல் தக்கையில் குத்திவிடுங்கள்.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும். உலரத் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் இரண்டுக்கும் வழி அடைபடும்.

முள்ளில் உட்புறம் நோக்கிய எதிர்முள் ஒன்று இருக்கிறதல்லவா? அதனால் முள் சதைக்குள் எளிதில் போகும், எளிதில் திரும்பாது. எவர் கையிலாவது எதிர்முள்வரை இறங்கிவிட்டால் பிடுங்கி இழுக்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தனுர்வாதத் தடுப்பூசி வேண்டுமா என்று மருத்துவர் சொல்வார்.

கழியும் நெம்புகோலும்

இப்போது கழியைத் தூக்குவோம். நம் கழியின் நீளம் 360 செ.மீ., எடை 900 கிராம். அடி தடித்தும் நுனி மெலிந்தும் இருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் நடுவில் இராது; அடியிலிருந்து 140 செ.மீ. தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம்.

கழியின் அடியைக் கையால் பிடித்து, அடியிலிருந்து 35 செ.மீ. தள்ளி அதைத் தோளில் தாங்குகிறீர்கள். மையம் தோளுக்கு அப்பால் 105 செ.மீ. தூரத்தில் தொங்குகிறது. கை கீழே அழுத்தவேண்டிய விசை 900 × 105 ÷ 35 = 2,700 கிராம் எடை. தோள் தாங்குவது இரண்டின் கூடுதல், அதாவது 3,600 கிராம். ஒரு கிலோகூட இல்லாத கழி மூன்றரைக் கிலோவாகிவிட்டது!

தோளை 105 செ.மீட்டருக்கு நகர்த்துங்கள். மையம் தோளுக்கு அப்பால் 35 செ.மீ. மட்டுமே. கை அழுத்தவேண்டியது 900 × 35 ÷ 105 = 300 கிராம். தோளின் சுமை 1,200 கிராம். சரியாக மையத்திலேயே தாங்கினால் கைக்கு வேலையே இல்லை. ஒரு விரலில் வைத்து மையத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு சிவப்பு நூல் கட்டிவையுங்கள்.

கழியில் பெட்டியைத் தொங்கவிட்டால் இதே கணக்கு மறுபடியும் வரும். பெட்டி தோளுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

தலைக்கு மேலே பாருங்கள்!

இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக்கூடாத பகுதி இது.

சிலர் கழியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். முன்னே போகிறவர் கண்ணில் குத்தாது என்பது உண்மை. ஆனால் மேலே? தெரு அல்லாத இடங்களில் செல்லும் காப்பிடாத மின்கம்பி, 11,000 வோல்ட் வரை உள்ளவை, தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வகுத்தன. நம் கழியின் நீளம் 3.6 மீட்டர். அதன் அடியை இடுப்பளவில், 1 மீட்டர் உயரத்தில், பிடித்தால் நுனி எங்கே இருக்கும்? 4.6 மீட்டரில்! கையைச் சற்று உயர்த்தினாலும், குளக்கரையின் மேட்டில் ஏறினாலும் நுனி கம்பியை எட்டிவிடும். பழைய கம்பிகள் தொய்ந்தும் இருக்கலாம்.

"மூங்கில் மரம்தானே, மின்சாரம் பாயாதே" என்று எண்ணாதீர்கள். நன்கு உலர்ந்த மூங்கில் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆனால் குளத்தில் நனைந்த மூங்கிலும் ஈர நரம்பும் கடத்தும். 11,000 வோல்ட்டில் அந்தச் சிறிய கடத்தலே உயிரைக் குடிக்கப் போதுமானது. கடைகளில் விற்கும் கரியிழைக் கழிகளோ மின்சாரத்தை நன்றாகவே கடத்துபவை. அப்படிப்பட்ட கழியால் கம்பியைத் தொடக்கூட வேண்டாம். மிக நெருங்கினாலே பொறி பாயலாம்.

ஆகவே நடக்கும்போது கழி படுக்கையாகவே இருக்கட்டும். தனி வழியில் தடித்த அடி முன்னும் மெல்லிய நுனி பின்னுமாக இருந்தால் புதரில் குத்தி ஒடியாது. நண்பர்களோடு போகும்போது இடைவெளி விட்டு நடங்கள். பின்னால் வருகிறவர் கண் உங்கள் பொறுப்பு. கம்பி செல்லும் இடத்தில் நின்று தூண்டில் வீசவே கூடாது. இடியோசை கேட்டால் கழியைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு வந்துவிடுங்கள்.

கழியால் வேறொரு பயனும் உண்டு. அதில் அடிக்கு ஒரு வளையமாக வர்ணம் பூசிக்கொள்ளுங்கள். ஒளி விலகலால் தண்ணீர் நம் கண்ணுக்கு ஆழம் குறைந்து தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடித் தண்ணீர் 3 அடியாகத் தோன்றும்; சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறையும். சிக்கிய முள்ளை எடுக்க இறங்குவதற்கு முன் ஆழத்தைக் கண்ணால் அளக்காமல் கழியால் அளவுங்கள். முள் சில ரூபாய்தான். இடுப்பளவுக்கு மேல் ஆழமானால் நரம்பை அறுத்துவிடுங்கள்.

புழுவும் மீனும்

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. அது ஈரமான தோலால் சுவாசிக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் தோலின் ஈரத்தில் கரைந்து, பிறகே இரத்தத்துக்குப் போகிறது. தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும். எனவே சிரட்டையில் ஈரமண் போட்டு, மேலே ஈர இலையால் மூடி, நிழலில் வையுங்கள். வெயிலில் காய்ந்த தகர டப்பா புழுவுக்கு அடுப்பு.

பிடித்த மீனுக்கும் நிழலும் ஈரமுமே காப்பு. 1 கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. ஓலைப்பெட்டியின்மேல் நனைத்த சாக்கைப் போட்டால், ஆவியாகும் தண்ணீர் இந்த வெப்பத்தைச் சாக்கிலிருந்தும் பெட்டியிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். வறண்ட காற்று வீசும் நாளில் நன்றாகக் குளிரும். புழுக்கமான நாளில் அவ்வளவு குளிராது. பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஆவி வெளியேற வழியில்லை. மீன் விரைவில் கெடும்.

விரால் மட்டும் தனி ரகம். அது செவுளோடு, தலையில் உள்ள ஓர் அறையாலும் வெளிக்காற்றைச் சுவாசிக்கும் மீன். பானை நிறையத் தண்ணீர் ஊற்றி இறுக மூடினால் விரால் மூச்சுத் திணறிச் சாகும்! மேலே காற்றிடம் விட்டால் வீடுவரை உயிரோடு வரும். கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று கூரிய முட்கள். அதை வெறும் கையால் பிடிக்காமல் சாக்கால் பிடியுங்கள்.

கட்டும் வரிசை

கடைசியில் வேண்டியதை முதலில் வையுங்கள். முதலில் வேண்டியதைக் கடைசியில் வையுங்கள். பெட்டியின் அடியில் சாக்கு. அதன்மேல் முள் டப்பா, கத்தரிக்கோல். மேலே நரம்புப் பலகை. சோறும் குடிநீரும் தனிப்பையில். புழுச் சிரட்டை கையில்.

ஒரு வெற்று டப்பாவும் எடுத்துச் செல்லுங்கள். அறுந்த நரம்புத் துண்டுகளுக்கு அதுதான் இடம். நைலான் மக்காது என்று முதலில் பார்த்தோம். நமக்கு நன்மையான அந்தக் குணமே கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் காலனாகிறது. கரையில் எறிந்த நரம்பு பல ஆண்டுகள் கிடந்து, அவற்றின் காலிலும் அலகிலும் சுற்றிக்கொள்ளும்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. கழியில் 2 கிலோ பெட்டி தோளுக்குப் பின்னால் 40 செ.மீட்டரில் தொங்குகிறது. தோளுக்கு முன்னால் 80 செ.மீட்டரில் கை இருக்கிறது. கழியின் எடையை விட்டுவிட்டால் கையும் தோளும் தாங்கும் சுமை என்ன? இரு தூரங்களையும் இடம் மாற்றினால்?

2. ரிப்பனைக் கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் எட்டுப் போட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றி உருவுங்கள். எத்தனை முறுக்கு மிஞ்சுகிறது?

3. உங்கள் வீட்டிலிருந்து குளத்துக்குப் போகும் வழியில் எத்தனை இடங்களில் மின்கம்பி குறுக்கிடுகிறது? அடுத்த விடுமுறைக்கு முன் ஒருமுறை நடந்து எண்ணிப் பாருங்கள்.

(முதல் கணக்கின் விடை: கை 1 கிலோ, தோள் 3 கிலோ, இடம் மாற்றினால் கை 4 கிலோ, தோள் 6 கிலோ. மற்ற இரண்டுக்கும் விடை உங்களிடமே இருக்கிறது.)